மூன்று முடிச்சும் ஒரு விரலும்

"அண்ணே, அமுக்கிப் பிடிச்சாலும் ஒரு படம்தான் விழுது. கேமரா போயிடுச்சா?"

என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். முகத்தில் கலக்கம் தெரியும். வரும் வாரம் ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருப்பார்கள், முன்பணமும் கைமாறியிருக்கும். நான் கேமராவை உடனே வாங்கிப் பார்ப்பதில்லை. "நீங்களே பிடிங்க தம்பி. அந்தச் சுவரைப் பார்த்து அஞ்சு விநாடி விடாம அமுக்குங்க" என்பேன். அவர் அமுக்குவார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் படம் பிடிப்பது என் பிழைப்பு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஆண்டு முழுவதும் ஏதாவது இருக்கும். வேலை இல்லாத நாள்களில் கேமரா பழுது பார்க்கிறேன். இரண்டுமாகச் சேர்த்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பழுதென்று வருபவற்றில் அதிகம் வருவது இந்த ஒரு குறைதான்: படபடவென்று தொடர்ந்து அடிக்க வேண்டிய கேமரா அடிக்கவில்லை. அப்படி வருபவற்றில் உண்மையிலேயே உடைந்த கேமரா சொற்பம். எங்கோ ஓர் இடத்தில் வழி அடைபட்டிருக்கும். எந்த இடம் என்பதை ஷட்டர் சத்தமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சத்தத்தில் நான் தேடுவது நான்கு வகை. வேகமாகத் தொடங்கி ஓரிரு விநாடியில் மூச்சு வாங்கினால், படங்கள் கார்டுக்குப் போகும் வழியில் நெரிசல். தொடக்கத்திலிருந்தே மெதுவாக, ஆனால் கடிகாரம் போல் சீராக அடித்தால், கேமராவுக்குள் யாரோ கொடுத்து வைத்த கட்டளை ஒன்று அதை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு அடித்து, நின்று, மூன்று அடித்து, மறுபடி நின்று என்று தாளம் தப்பினால், ஃபோகஸ் தடுமாறுகிறது அல்லது பொத்தானில் கோளாறு. ஒரே அடியோடு நின்றுவிட்டால், முதலில் ஒற்றைப் பட முறையிலோ டைமரிலோ கிடக்கிறதா, மேலே ஃபிளாஷ் தூக்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கேமராக்களில் உள்ளேயே இருக்கும் சின்ன ஃபிளாஷைத் தூக்கிவிட்டால் தொடர் முறை வேலை செய்யாது.

இந்தக் காது எனக்குத் திறந்தது கேமரா கையில் வருவதற்கு முன்பே.

1997 நவம்பர் 16. அப்போது நான் மூன்றாம் படிவ மாணவன். லார்க்கின் அரங்கில் ஜப்பானும் ஈரானும் மோதின. அடுத்த ஆண்டு பிரான்சில் நடக்கவிருந்த உலகக் கிண்ணத்துக்கு ஆசியாவின் கடைசி நேரடி இடம் யாருக்கு என்ற ஆட்டம் அது. மாமா எப்படியோ இரண்டு சீட்டு வாங்கி வந்தார். அரங்கம் முழுக்க நீலச் சட்டை. நம் ஊரில் நடந்த ஆட்டத்தில் நாம்தான் விருந்தாளிகள் போல உட்கார்ந்திருந்தோம். 90 நிமிடத்தில் 2-2. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுகிறவர்களுக்கே வெற்றி என்ற விதி அன்று இருந்தது.

நாங்கள் கீழ் வரிசையில் இருந்ததால் படக்காரர்கள் பக்கத்திலேயே தெரிந்தார்கள். அது ஃபிலிம் காலம். பந்து கோல் பக்கம் வரும்போதெல்லாம் மோட்டார் வைத்த கேமராக்கள் ஒன்றாக இரையும். தவில் உருட்டுவது போலிருக்கும். எங்களுக்கு நேர் முன்னால் இருந்த ஒருவர் மட்டும் வித்தியாசமாக நடந்துகொண்டார். பந்து நடுக் களத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது, இன்னும் படம் மிச்சமிருக்கும் சுருளைச் சுற்றி வெளியே எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். நான் மாமாவிடம், "ஏன் மாமா வீணாக்குறாரு?" என்று கேட்டேன். மாமாவுக்கும் தெரியவில்லை.

118-ஆவது நிமிடம். ஜப்பானின் நகாட்டா அடித்த பந்தை ஈரான் கோல்காவலர் தட்டிவிட, ஒக்கானோ சறுக்கிக்கொண்டே வந்து உள்ளே தள்ளினார். ஜப்பான் முதல்முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போனது. ஜப்பானியர்கள் இன்றும் அந்த ஆட்டத்தை 'ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கோலின்போது முன்னால் இருந்தவரின் மோட்டார் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொருவர் கேமராவை இறக்கி, கை நடுங்கச் சுருளை மாற்றிக்கொண்டிருந்தார்.

அதன் கணக்கு எனக்குப் பல ஆண்டு கழித்துத்தான் விளங்கியது. அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த நிக்கான் எஃப்5 விநாடிக்கு 8 படம் அடிக்கும். சுருளில் 36 படம். விடாமல் அமுக்கினால் நாலரை விநாடியில் தீர்ந்துவிடும். 30 படம் ஆனதும் சுருளை மாற்றியவர் ஆறு படத்தை வீணாக்கவில்லை. வரப்போகும் கோலுக்கு இடம் ஒதுக்கி வைத்தார்.

இதைச் சின்ன வயதிலேயே பார்த்திருந்தும், என் முறை வந்தபோது எனக்குப் புத்தி வரவில்லை.

2008-இல் ஒரு கல்யாணம். என் மாஸ்டர் மேடைக்கு இடப்பக்கம், நான் வலப்பக்கம். தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் பின்கழுத்து தெரியும் இடம் என்னுடையது. ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். நாதசுரமும் தவிலும் வெடித்தன. நான் விரலை அழுத்தினேன். நான்கு படம் விழுந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். ஐந்தாவது படம் இல்லை. விரல் அழுத்தியபடியே இருக்கிறது, கேமராவின் பின்புறம் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. நாத்தனார் குனிந்து இரண்டாவது முடிச்சைப் போட்டார். மூன்றாவதையும் போட்டு நிமிர்ந்தார். அட்சதை தலைமேல் விழுந்து முடிந்த பிறகுதான் கேமரா அசைந்தது. மாஸ்டர் பக்கமிருந்து பார்த்தால் மாப்பிள்ளையின் தோள் மறைத்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அந்தக் குடும்பம் வந்தது. நாத்தனாரும் வந்திருந்தார். சிகாமட்டிலிருந்து அதற்காகவே பஸ் ஏறி வந்தவர். எல்லாப் படத்தையும் இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "நான் முடிச்சுப் போட்டது எங்கே தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. மாஸ்டர் கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. அன்றிரவு கேமராவையும் ஒரு தாளையும் என் முன்னால் வைத்து, "ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடி. கண்டுபிடிக்கிற வரைக்கும் மேடை ஏறாதே" என்றார். என் பழுது பார்க்கும் தொழில் அந்தத் தாளில்தான் தொடங்கியது.

கண்டுபிடித்தது இது. நான் ரா என்ற பெரிய மூலக் கோப்பையும் ஜேபெக்கையும் சேர்த்துப் பதியும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இரண்டு கோப்பு. கார்டு மலிவானது, எழுதும் வேகம் மிகக் குறைவு. ஃபிளாஷ் முழு சக்தியில் இருந்தது, ஒவ்வொரு முறையும் மறுபடி நிறைய நான்கைந்து விநாடி எடுத்துக்கொண்டது. இதில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் தட்டுத்தடுமாறித் தப்பித்திருப்பேன். மூன்றும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொண்டன.

இந்த நெரிசலை என்னிடம் வருகிறவர்களுக்குக் கல்யாணப் பந்தியை வைத்து விளக்குவேன். படம் விழுந்ததும் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்துக்குப் போகிறது. அதுதான் சாப்பாட்டுக் கூடம். கூடத்தில் இலை இருக்கும்வரை ஆட்களை விட்டுக்கொண்டே இருக்கலாம். சாப்பிட்டவர்கள் கை கழுவப் போகும் பின்வாசல்தான் கார்டு. பின்வாசல் குறுகலாக இருந்தால் கூடம் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு ஒருவர் எழுந்தால்தான் ஒருவர் உட்கார முடியும். வெளியே எவ்வளவு கூட்டம் நின்றாலும் வேகம் பின்வாசலின் வேகம்தான்.

கணக்கும் போட்டுக் காட்டுவேன். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் சுமார் 25 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 10 படம் என்றால் 250 மெகாபைட் உள்ளே வருகிறது. கார்டு விநாடிக்கு 75 மெகாபைட் எழுதும் என்றால் மூன்று படம்தான் வெளியே போகும். மிச்சம் ஏழு கூடத்திலேயே உட்காரும். பஃபரில் 28 படத்துக்கு இடம் இருந்தால் நான்கு விநாடியில் நிரம்பிவிடும். ஐந்தாவது விநாடியிலிருந்து உங்கள் பத்துப் பட கேமரா மூன்று பட கேமராதான். வேகமாகத் தொடங்கி மூச்சு வாங்கும் தாளம் வருவது இப்படித்தான்.

கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அது பெரும்பாலும் கணினிக்குப் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30, வி60, வி90 என்று சின்னதாக ஒரு குறி இருக்கும். தொடர்ந்து எழுதும்போது விநாடிக்கு 30, 60, 90 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்பதற்கான உறுதி அது. கேமராவின் துளையையும் பார்க்க வேண்டும். யுஎச்எஸ்-1 துளையின் உச்ச வரம்பு விநாடிக்கு 104 மெகாபைட். அதில் விலை உயர்ந்த யுஎச்எஸ்-2 கார்டைப் போட்டாலும், அந்தக் கார்டின் பின்புறம் இருக்கும் இரண்டாவது வரிசைத் தொடுமுனைகளுக்கு அங்கே வேலை இல்லை. காசு வீண். இரண்டு துளை உள்ள கேமராவில் ஒரே படத்தை இரண்டு கார்டிலும் பதியச் சொல்லியிருந்தால், மெதுவான கார்டு போகும் வேகத்தில்தான் மற்றதும் போகும்.

போலிக் கார்டு இன்னொரு தொல்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் முப்பது வெள்ளிக்கு வாங்கிய கார்டோடு ஒரு தம்பி வந்தார். பெயரும் வண்ணமும் அசலைப் போலவே இருந்தன. கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கார்டு முழுவதும் எழுதவிட்டு, எழுதியதைத் திரும்பப் படிக்கவிட்டேன். உறையில் போட்டிருந்த கொள்ளளவில் கால்பங்குதான் உண்மை. அதற்கு மேல் எழுதியதெல்லாம் காற்றில் எழுதியது. அன்றிலிருந்து என் கடைக்கு வரும் புதுக் கார்டு எதையும் இப்படிச் சோதிக்காமல் கல்யாணத்துக்கு எடுத்துப் போவதில்லை. சோதனை முடிந்ததும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்வேன். கணினியில் ஒவ்வொரு படமாக அழித்துக் காலி செய்த கார்டை நம்பி மேடை ஏற மாட்டேன்.

இரண்டாவது தாளம் சீரான மந்தம். கூலாயிலிருந்து வந்த ஒருவர், சிங்கப்பூரில் பழைய நிக்கான் டி300 ஒன்றை வாங்கி வந்திருந்தார். விநாடிக்கு 6 படம் அடிக்க வேண்டியது இரண்டு, இரண்டரைக்கு மேல் போகவில்லை. சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அமுக்கச் சொல்லிக் கேட்டேன். மூச்சு வாங்கவே இல்லை. முதல் அடியும் பத்தாவது அடியும் ஒரே இடைவெளி. அப்படியென்றால் நெரிசல் இல்லை, கட்டளை. மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் ரா பதிவு 14 பிட்டில் இருந்தது. அந்தக் கேமரா 14 பிட்டில் விநாடிக்கு இரண்டரைப் படம்தான் அடிக்கும், கையேட்டிலேயே இருக்கிறது. 12 பிட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். மறுபடி அமுக்கினார். சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படி இழுத்துப் பிடிக்கும் கட்டளைகள் ஒன்றிரண்டு அல்ல. ஷட்டர் வேகம் எட்டில் ஒரு விநாடியில் இருந்தால் எந்தக் கேமராவாலும் விநாடிக்குப் பத்துப் படம் எடுக்க முடியாது. இருட்டு மண்டபத்தில் தானியங்கி முறையில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமலே நடக்கும். நீண்ட ஒளிப்பதிவுக்கான இரைச்சல் குறைப்பு, ஐஎஸ்ஓ கூடும்போது செய்யும் இரைச்சல் குறைப்பு, லென்ஸ் குறைகளைச் சரிசெய்யும் வசதிகள் எல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவுக்குள் கூடுதல் வேலை வைப்பவை. குழல் விளக்குக்கு ஏற்பக் காத்திருந்து அடிக்கும் வசதி ஒன்று உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஒளிரும் உச்சத்தைப் பார்த்துக் கேமரா அடிப்பதால் வேகம் கொஞ்சம் குறையும். பூப்பந்து மண்டபத்தில் அது தேவை. வெயிலில் நடக்கும் பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் அதை அணைத்துவிடலாம். பேட்டரியும் பேசும். கேனன் ஆர்6-இல் இயந்திர ஷட்டரின் உச்ச வேகமான 12 படம் வேண்டுமென்றால் புதிய வகை பேட்டரி நன்றாக நிறைந்திருக்க வேண்டும். பழைய பேட்டரியை மாட்டினாலோ சார்ஜ் இறங்கினாலோ வேகம் குறையும். அது பழுது அல்ல.

இத்தனையையும் ஒவ்வொன்றாகத் தேடினால் பொழுது விடிந்துவிடும். அதனால் மாஸ்டர் கொடுத்த தாளில் நான் எழுதிய முறையையே இன்றும் பின்பற்றுகிறேன். முதலில் கேமராவைப் பட்டினி போடுவேன். ஃபிளாஷ் இல்லை. ஜேபெக் மட்டும். கையால் ஃபோகஸ். லென்ஸின் துவாரம் முழுத் திறப்பு. ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒன்று. எல்லாத் திருத்தங்களும் அணைப்பு. நிறைந்த பேட்டரி, புதிதாக ஃபார்மேட் செய்த நல்ல கார்டு. இந்த நிலையில் கேமரா அதன் முழு வேகத்தைத் தொட்டுவிட்டால் அதன் உடம்பில் நோய் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. எதைக் கொடுத்ததும் தாளம் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்படும் உதவியாளர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான்.

பட்டினி போட்டும் தாளம் தப்பினால்தான் திருப்புளியை எடுப்பேன்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் மேசையில் கூட்டம் அதிகம். ஒருமுறை மாசாயிலிருந்து ஒரு தம்பி வந்தார். அதிகாலை முதல் மதியம் வரை காவடிக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே படம் எடுத்தவர். அவர் கேமரா ஒன்று அடிக்கும், நிற்கும், இரண்டு அடிக்கும், நிற்கும். கையால் ஃபோகஸ் வைத்தும் அதே தடுமாற்றம். அப்படியென்றால் ஃபோகஸ் இல்லை. கம்பி ரிமோட்டை மாட்டி, அதன் பொத்தானை அமுக்கினேன். மழை கொட்டியது போல் ஓடியது. ரிமோட்டில் ஓடி விரலில் தடுமாறினால் குறை ஷட்டர் பொத்தானில்தான். இந்த ஒரு சோதனை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மேல் மூடியைத் திறந்தேன். ஜப்பானியக் கேமராக்களின் திருகுகளுக்குச் சாதாரண நட்சத்திரத் திருப்புளி பொருந்தாது, தலை சிதைந்துவிடும். ஜப்பானியத் தரத்தில் செய்த முனை வேண்டும். திறந்ததும் கையை வைத்துவிடக் கூடாது. உள் ஃபிளாஷின் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் இருக்கும். அதை முறையாக இறக்கிய பிறகே மேலே போக வேண்டும். பொத்தானுக்கு அடியில் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்காக இருக்கும். பாதி அழுத்தினால் முதல் தகடு தொடும், ஃபோகஸ் ஓடும். முழுக்க அழுத்தினால் இரண்டாவது தொடும், ஷட்டர் அடிக்கும். அந்த இரண்டாவது தகட்டின் முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. வியர்வை உப்பு. அதன்மேல் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு படலம். விரலால் தொட்டு முகர்ந்தேன், விபூதி மணத்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மூன்று முறை ஒற்றி எடுத்தேன். தகடு பளிச்சென்று வந்தது. மூடிவிட்டு அமுக்கினால் தாளம் திரும்பியிருந்தது.

கண்ணாடிக் கோயிலில் வேறு விதமான தடுமாற்றம். 1922-இல் தொடங்கிய அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம், இன்று சுவர், தூண், விதானம் எல்லாம் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்து மின்னுகிறது. அங்கே ஃபோகஸ் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் ஆளைப் பிடிக்கலாம், கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்தையும் பிடிக்கலாம். பிம்பம் இருக்கும் தூரம் வேறு. ஒற்றை ஃபோகஸ் முறையில், சரியாகப் பிடித்த பிறகே அடிப்பேன் என்று கேமரா பிடிவாதமாக நிற்கும். பொத்தானை அமுக்கியும் படம் விழவில்லை என்று புகார் வரும். அங்கே தொடர் ஃபோகஸுக்கு மாற்றி, ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, ஃபோகஸைவிட ஷட்டருக்கு முன்னுரிமை கொடுத்தால் சிக்கல் தீரும். தீபாராதனை போல இடம் மாறாத காட்சி என்றால் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் கையால் பூட்டிவிடுவேன்.

நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கல்யாண மண்டபங்கள் பூட்டப்பட்டன. சிங்கப்பூர்ப் பாலம் வெறிச்சோடியது. படக்காரர்கள் பலர் உணவு விநியோகத்துக்குப் போனார்கள், கேமரா அலமாரிக்குப் போனது. 2022 ஏப்ரல் 1-இல் எல்லை முழுமையாகத் திறந்து, பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் வர, தள்ளிவைத்த கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாக வந்தன. கேமராக்களும் ஒன்றாக என் மேசைக்கு வந்தன. லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம். துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்து பிசுபிசுப்பு.

அந்தப் பிசுபிசுப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்து அடித்தால் கேமரா ஒழுங்காக ஓடும். எஃப்8-க்கோ எஃப்11-க்கோ சுருக்கி வைத்தால் தகடுகள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட தகடு நேரத்துக்கு மூடாது. படங்கள் ஒன்று வெளுத்து, ஒன்று சரியாக, ஒன்று வெளுத்து என்று விழும். சில கேமராக்கள் பிழை எண் காட்டி நின்றுவிடும். பழியெல்லாம் கேமராமேல் விழும், குறை லென்ஸில் இருக்கும். வேறொரு லென்ஸை மாட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஈரம் 40-இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் நிற்கும் உலர்பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள், முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லாவது போடுங்கள் என்று நான் வருகிறவர்களிடம் எல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு கல்யாணம் இல்லாமல் தவித்தவர், கல்யாணம் வந்த நாளில் கேமரா இல்லாமல் நின்றதைப் பார்த்தவன் நான்.

போன ஆண்டு ஸ்கூடாயிலிருந்து ஒரு பெண் வந்தாள். சொந்த அண்ணன் கல்யாணத்துக்கு அவளே படம் எடுக்கப் போகிறாளாம். "அண்ணே, தாலி கட்டுற நேரத்துல நின்னுடும்னு பயமா இருக்கு. ரெண்டு கல்யாணத்துல அப்படி ஆயிடுச்சு" என்றாள். வழக்கம்போல, "சுவரைப் பார்த்து அமுக்கும்மா" என்று சொல்லிக் கண்ணை மூடினேன். ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் விரல் அழுத்தியபடிதான் இருக்கிறது. கண்ணாடி இல்லாத புதிய கேமரா, மின்னணு ஷட்டர். விநாடிக்கு 20 படம், சத்தமே இல்லாமல்.

ஒரு கணம் எனக்குக் கை ஒடிந்தது போல் இருந்தது. பிறகு திரையின் ஓரத்தைப் பார்த்தேன். பஃபரில் இன்னும் எத்தனை படத்துக்கு இடம் என்று காட்டும் எண் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. முதல் விநாடியில் சரசரவென்று இறங்கியது. நான்காவது விநாடியில் பூஜ்யம். பிறகு ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். காதில் கேட்டுப் பழகிய அதே தாளம் கண்ணுக்குத் தெரிந்தது. பந்தி நிரம்பிவிட்டது, பின்வாசலில் ஒவ்வொருவராகப் போகிறார்கள்.

கார்டைப் பார்த்தேன், நல்ல கார்டு. வைத்திருந்த முறையும் சரி. ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். தவில் அடிப்பவர் படத்தில் வந்தால் மின்னணு ஷட்டர் வேண்டாம். உணரி மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வருவதற்குள் குச்சி நகர்ந்துவிடும், படத்தில் நேரான குச்சி வில்லாக வளைந்து தெரியும். மண்டப எல்இடி விளக்குகளும் கோடு கோடாக விழலாம். இயந்திர ஷட்டரே போதும், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை. பிறகு கேட்டேன்: "எப்போ அமுக்குவே, எப்போ விடுவே?"

"கெட்டிமேளம்னு சொன்னதும் அமுக்குவேன். முடியுற வரைக்கும் விடமாட்டேன்."

நானும் 2008-இல் அப்படித்தான் அழுத்திப் பிடித்திருந்தேன்.

அவளுக்கு லார்க்கின் அரங்கத்தில் பார்த்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். முப்பதிலேயே சுருளை மாற்றியவர், கோல் விழுந்தபோது இடம் வைத்திருந்தார். "மூணு முடிச்சும்மா. மாப்பிள்ளை ஒண்ணு, நாத்தனார் ரெண்டு. நூல் இறுகுற நேரம் ஒரு விநாடி. அதுக்கு மட்டும் அமுக்கு. கை மாறும்போது விரலை எடு. அந்த ரெண்டு விநாடியில கூடம் காலியாகும். அடுத்த முடிச்சுக்கு இலை தயாரா இருக்கும்."

"விரலை எடுத்த நேரத்துல ஏதாவது தவறிட்டா?"

"கையைப் பாரு. முடிச்சு போடப் போற விரல் முன்னாடியே வளையும். அதுதான் உனக்குச் சொல்லும்."

வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. பொட்டலம் கட்டும் சணலை எடுத்து, என் நாற்காலியின் முதுகில் சுற்றினேன். அவள் மூன்று அடி தள்ளி நின்றாள். இயந்திர ஷட்டருக்கு மாற்றியிருந்ததால் எனக்கும் சத்தம் கேட்டது. முதல் முடிச்சைப் போட்டேன். படபடவென்று அடித்து நின்றது. சணலை மறு கைக்கு மாற்றினேன், அமைதி. விரலை வளைத்தேன், மறுபடி படபட. மூன்றாவதும் அப்படியே. எண் எங்கேயும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

கேமராவைத் திருப்பி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். இரண்டாவது முடிச்சில் நிறுத்தச் சொன்னேன். சணல் இறுகும் அந்த நொடியில், நகத்தடியில் வெளுத்த என் விரல் நுனிகூடத் தெளிவாக விழுந்திருந்தது. சிகாமட்டிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு என்னால் காட்ட முடியாமல் போன படத்தையே பார்ப்பது போல் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.